எளிமைக்குக் கடல் கடக்க வேண்டுமா?

அன்னூர் மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு இலை போடுவதைவிடப் பாலித் தீவில் 30 பேரோடு மணப்பதே எளிமை என்னும் வாதம், ஆள் குறைவையும் எளிமையையும் ஒன்றெனக் கொண்டு பிழைபடுகிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலே, அல்லது தாலி கட்டினாலே இந்துத் திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றிருப்பதால், எளிமை உள்ளூரிலேயே உரிமையாக இருக்கிறது. மாறாக, இந்தியத் தூதரகத்தின் திருமண அலுவலர் முன் மணக்க விரும்பினால், இருவரில் ஒருவரேனும் அங்கு 30 நாள் தங்கியபின் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணைக்கான 30 நாளும் காத்திருக்க வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டம். கொங்கு வேளாளர் திருமணச் சீர்களை முன்னின்று நடத்தும் மூத்தவரான அருமைக்காரரும், கடவுச்சீட்டே எடுத்திராத பாட்டிமாரும் அந்த விமானத்தில் ஏறப்போவதில்லை. முப்பது பேர் போதுமென்றால், அந்த முப்பது பேரை அன்னூரிலேயே கூட்டுவதுதான் உண்மையான சிக்கனம்.