எவ்வளவு குறைச்சீங்க?

எங்க வீட்டு வாசலில் இப்போ ஒரு கார் நிற்குது. 2011 மாடல் வேகன் ஆர், சாம்பல் கலர். பார்க்க வந்தவங்க எல்லாரும், சென்னையிலிருந்து போன் பண்ணின சிநேகிதர்கள் உட்பட, கேட்ட முதல் கேள்வி ஒண்ணுதான். "எவ்வளவு சொன்னான்? எவ்வளவு குறைச்சீங்க?"

வண்டி எப்படி ஓடுதுன்னு ஒருத்தரும் கேட்கலை. பழைய வண்டி வாங்கறதில் நாம பண்ற தப்பே அங்கேதான் ஆரம்பிக்குதுன்னு எனக்குப் படுது.

முதலில் கார் எதுக்குன்னு சொல்லிடறேன். அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனா ஊரிலிருந்து ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டு வர வாடகைக் காருக்கு 1,200 ரூபாய். மாசம் பத்தாயிரத்தைத் தொடுது. நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எந்திரிச்ச மனுஷியை டவுன் பஸ்ஸில் நிற்க வைக்க முடியாது.

மஞ்சள் வித்து, உரக்கடைக் கடனும் ஆள் கூலியும் போக நின்னதும், ஒரு மாடு வித்ததும் சேர்த்துக் கையில் சரியா 2 லட்சம். அதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது.

முதலில் பழைய கார் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். வண்டி எல்லாம் பாலீஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி மின்னுது. ஒரு காரில் மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டுச்சு. ஆனா பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சு கிடக்கு, ஸ்டியரிங் உறை உரிஞ்சு போயிருக்கு. மாட்டை வாங்கறவன் பல்லைப் பார்க்காம கயித்தைப் பிடிக்க மாட்டான். காரில் மீட்டர் பொய் சொல்லலாம், பெடல் பொய் சொல்லாது. வந்துட்டோம்.

அப்புறம் கோபியில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வண்டி இருக்குன்னு தெரிஞ்சுது. அவர் சொன்ன விலை 2,15,000. போறதுக்கு முன்னாடியே வண்டி நம்பரைப் பரிவாகன் தளத்தில் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் முடிஞ்சிருந்தது. கடன் கட்டி முடிச்சும் ஆர்.சி.யில் பேங்க் பேரு அப்படியே இருந்தது.

எங்க ஊர் மெக்கானிக்கை ஐநூறு ரூபாய் கொடுத்துக் கூட்டிட்டுப் போனேன். காலையில் ஏழு மணிக்கு, அவர் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி. சூடான இன்ஜின் வியாதியை மறைச்சிரும். ஆறிக் கிடக்கிற இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாத்தான் சத்தமும் புகையும் தெரியும். இன்ஜின் நல்லா இருந்தது. கிளட்ச் தேய்ஞ்சிருந்தது. டயர் பக்கவாட்டில் 2216-ன்னு நாலு இலக்கம். அப்படின்னா 2016-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் தயாரானது. பட்டன் இருந்தாலும் ரப்பர் வெடிச்சிருச்சு.

மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, முன்னாடி எங்கியோ இடிச்ச வண்டி மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டு வையுங்க. பத்தாயிரம் எறங்கும்."

எனக்கு மனசு வரலை. வருஷா வருஷம் மஞ்சள் மார்க்கெட்டில் என் முன்னாடி நடக்கிற கூத்து அது. விரலி மஞ்சளை ஒடிச்சுப் பார்த்துட்டு "உள்ள நெறமே இல்லையே"ம்பாங்க. நிறம் இருக்கும். அந்த வார்த்தை மஞ்சளுக்கு இல்லை, எனக்கு. நான் மனசு தளர்ந்து சரிங்கணும், அதுக்குச் சொல்றது. பிடிக்கலைன்னா மூட்டையைத் திருப்பி எடுத்துட்டுப் போகலாம்தான். ஆனா கடன் கொடுத்தவன் வீட்டில் காத்திருப்பான். அந்த வலி தெரிஞ்ச நானே இன்னொருத்தர் பொருளுக்கு இல்லாத குறையைச் சொல்றதா?

இன்னொண்ணும் செய்யக் கூடாதுன்னு இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்கறதைச் சொல்லலை. சொல்லியிருந்தா அவர் இறங்கியிருக்கலாம். ஆனா அது பேரம் இல்லை, யாசகம். வண்டிக்கு உண்டான விலையை வண்டியை வெச்சுத்தான் பேசோணும்.

அதனால உரக்கடை ரசீது பின்பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். டயர் நாலு, 14,000. கிளட்ச் 8,000. இன்சூரன்ஸ் 6,000. பேர் மாத்தற செலவு 2,000. ஆக 30,000.

"சார், உங்க வண்டியை நான் கொறை சொல்ல வரலைங்க. நல்லா வெச்சிருக்கீங்க. ஆனா இது ரோட்டுல ஓட இவ்வளவு ஆகுமுங்க. எங்கிட்ட மொத்தமே ரெண்டு லட்சம்தான். 1,70,000-ன்னா இப்பவே எடுத்துக்கறேன்."

இன்னொண்ணும் எடுத்துச் சொன்னேன். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். 2026-ல் புதுப்பிக்கணும், அதுக்குக் கட்டணம் மட்டுமே 5,000. அதை நான்தான் கட்டணும்.

வாத்தியார் ரசீதை ரெண்டு தடவை படிச்சார். "1,85,000 கொடுங்க" என்றார். நியாயமான மனுஷன்தான். ஆனா அந்த விலைக்கு எடுத்தா என் கையில் நிற்கிறது 15,000. அதில் கிளட்ச்சும் இன்சூரன்ஸும் போட்டா தேய்ஞ்ச டயரோடதான் அம்மாவை ஏத்திட்டுப் போகணும். "இல்லைங்க சார், முடியாது" என்று எந்திரிச்சேன். டீ குடிச்சுட்டுப் போங்கன்னு அவர் வீட்டம்மா சொன்னாங்க. குடிச்சுட்டுத்தான் வந்தோம்.

ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. பத்தாயிரம் கடன் வாங்கிச் சேர்த்துக் கொடுத்திருக்கலாமோன்னு தோணுச்சு. மூணாம் நாள் அவரே கூப்பிட்டார். "1,75,000. பேங்க் என்.ஓ.சி. நானே வாங்கி, ஆர்.சி.யில் கடனை எடுத்துக் கொடுத்திடறேன்." சரின்னுட்டேன். அந்த வேலைக்கு அலையற ரெண்டு மூணு நாள் மிச்சமானதும் எனக்குக் காசுதான்.

நானும் அவருக்கு ஒண்ணு செஞ்சேன். 29, 30 ஃபாரத்தில் கையெழுத்தானதும் அதே வாரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்துட்டேன். நிறைய பேர் பேர் மாத்தாம வருஷக்கணக்கில் ஓட்டறாங்க. நடுவில் விபத்து நடந்தா ஆர்.சி.யில் யார் பேர் இருக்கோ அவங்கதான் பொறுப்புன்னு 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. வித்தவர் நிம்மதியாத் தூங்கறதும் விலையில் சேர்த்திதான்.

மீதி 25,000-த்தில் கிளட்ச், இன்சூரன்ஸ், பேர் மாத்தல், ரெண்டு டயர். கையில் 2,000 நின்னது. பாக்கி ரெண்டு டயர் அடுத்த மகசூலுக்கு. அதுவரைக்கும் ஐம்பதுக்கு மேல போறதில்லை.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசறதை நீங்க பார்த்திருக்கலாம். வாங்கறவன் ஏமாளி, விற்கிறவன் இளிச்சவாயன்னு சுத்தி நிற்கிறவங்க சொல்லிடக் கூடாது, விலை ரெண்டு பேருக்குள்ள இருக்கணும். அந்தத் துண்டுக்கு அதுதான் வேலை. இப்போ எல்லாருக்கும் எவ்வளவு குறைச்சோம்னு ஊருக்குச் சொல்லணும். கையில் காசு குறைவா இருக்கிறவனுக்கு அந்தப் பெருமை கட்டுப்படியாகாது. அவன் கணக்கு போடவேண்டியது வேற. வாங்கின அன்னிக்குக் கையில் எவ்வளவு மிச்சம் நிற்குது? விலை ஒத்து வரலைன்னா எந்திரிச்சு வர மனசு இருக்கா? இந்த ரெண்டும் இல்லாம நாற்பதாயிரம் குறைச்சு வாங்கின வண்டி நடுரோட்டில் நின்னா, குறைச்ச காசு வந்து தள்ளுமா?

நகரத்தில் இருக்கிற உங்களில் பல பேர் அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா வண்டி மாத்துவீங்க. உங்க பழைய வண்டி எங்களை மாதிரி ஆட்கள் கைக்குத்தான் வந்து சேருது. யாராவது கசங்கின சீட்டில் கணக்கு எழுதிட்டு வந்து விலை கேட்டா, அடிச்சுப் பேசறான்னு நினைக்காதீங்க. அந்தச் சீட்டை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கோளாறு அதில் விட்டுப் போயிருந்தா, நீங்களே ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்க.

நாளைக்கு வியாழக்கிழமை. காலையில் அஞ்சரைக்குக் கிளம்பணும். தண்ணியும் எண்ணெயும் இப்பவே பார்த்துட்டு வந்துட்டேன்.