குளியலறைக் கதவு எந்தப் பக்கம்?

தில்லியில் வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் வாடகையை விசாரிக்கிறார்கள்; தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பஸ் நிறுத்தமும் மெட்ரோவும் எவ்வளவு தூரம் என்றும் விசாரிக்கிறார்கள். குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் குடிபோன மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டரை மணிவரை அந்த வீட்டின் அமைதி அந்தக் கதவைத்தான் நம்பியிருக்கிறது.

சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற காலனிகளில் இருந்த பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். அறைகள் சிறியவை, சுவரில் காரை உதிரும். ஆனாலும் அவற்றில் பலவற்றில் கழிப்பறை தனி, குளிக்கும் அறை தனி. இரண்டுக்கும் நடையிலிருந்தோ பின்கட்டிலிருந்தோ போகலாம். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் கழிப்பறைக்குப் போகலாம். ஆபீஸ் போகும் அப்பா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி என ஆறு பேர் இருந்தாலும் சண்டையில்லாமல் புறப்பட முடிந்தது.

இன்று நடுத்தர வருமானக்காரர்களுக்காகத் தனியார் கட்டும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் ‘அட்டாச்டு பாத்ரூம்’ என்பது பெருமையாகிவிட்டது. இரண்டு குளியலறை உள்ள வீட்டில் ஒன்றைப் படுக்கையறையோடு சேர்ப்பது நல்ல யோசனைதான். இரவில் எழுந்திருக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் அது வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருப்பதே ஒரு குளியலறை, அதையும் படுக்கையறைக்குள் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஹாலில் படுத்திருக்கும் மாமனார் நள்ளிரவில் மகனும் மருமகளும் தூங்கும் அறையைக் கடந்து போக வேண்டும். அவர் கூச்சப்பட்டு, மாலையோடு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். இரவு டியூட்டி முடிந்து காலையில் வந்து படுக்கும் ரயில்வேக்காரனுக்கோ தொழிற்சாலைத் தொழிலாளிக்கோ தூக்கம் என்பது பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை திறக்கும் கதவுதான்.

தனித்தனியாகக் கட்ட இடம் ஏது என்பார்கள் கட்டுகிறவர்கள். கணக்குப் பார்ப்போம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர், கழிப்பறைக்கு 1.1 சதுர மீட்டர். இரண்டையும் சேர்த்தே கட்டினால் 2.8 சதுர மீட்டர். பிரித்துக் கட்டுவதற்கு அதிகம் தேவைப்படுவது 0.1 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சதுர அடி. அதோடு ஒரு நடுச்சுவரும் இன்னொரு கதவும். இந்தச் சிக்கனத்துக்காகவா தினந்தோறும் ஆறு பேர் வரிசையில் நிற்க வேண்டும்?

அடுத்தது காற்று. தில்லியின் மார்கழி, தைக் குளிரில் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு வெந்நீரில் குளிப்பது வழக்கம். குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டி, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆள் மயங்கிய பிறகுதான் தெரியும். படுக்கையறையில் அங்கீட்டி மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதும் இதே ஆபத்துதான். வட இந்தியாவில் குளிர்காலங்களில் இவ்விரண்டினாலும் உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே குளியலறைக்கு வெளிக்காற்று வரும் ஜன்னல் கட்டாயம் வேண்டும். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும்.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மே, ஜூன் மாதங்களில் மேற்குச் சுவர் மாலையில் அடுப்பாகக் கொதிக்கும். அந்தப் பக்கம் குளியலறையையும் சாமான் அறையையும் வைத்து, படுக்கையறையை வடக்கிலோ கிழக்கிலோ வைத்தால் இரவில் கொஞ்சம் தூங்கலாம். குழாய் போகும் சுவரில் கட்டில் தலைமாட்டை வைக்காதபடி அமைத்தால் ஓதமும் தொல்லை தராது.

இதெல்லாம் சொந்த வீடு கட்டுகிறவர்களுக்குத்தானே, நமக்கென்ன என்று குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் இருந்துவிடக் கூடாது. நமக்கு வீடு கட்டித் தருவது பெரும்பாலும் அரசாங்கம்தான். டி.டி.ஏ. 2014-இல் 25,040 வீடுகளை விற்பனைக்கு அறிவித்தது. ஒற்றை அறை வீடுகளைப் பெற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர், இடம் போதவில்லை, போக்குவரத்து இல்லை என்று அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் விற்பனைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி அப்படித் திரும்பி வந்த வீடுகளே. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளில் 12,970 குவார்ட்டர்ஸ்களை இடித்துச் சுமார் 25,667 வீடுகள் கட்ட ஒப்புதல் தந்தது. 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் இருந்த நம் தமிழ்த் தொழிலாளர்களில் தகுதி உள்ளவர்கள் என்று ஏற்கப்பட்டவர்களுக்கு, வேலை செய்யும் இடத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்பட்டது.

எத்தனை வீடு என்ற எண்ணிக்கையை அதிகாரிகள் அறிவிக்கிறார்கள். அந்த வீட்டில் யார் எங்கே படுப்பார்கள், காலையில் எத்தனை பேர் எந்தக் கதவுக்காகக் காத்திருப்பார்கள் என்பதையும் வரைபடம் போடும் முன் குடியிருக்கப் போகிறவர்களிடம் கேட்க வேண்டும். குறிப்பாக வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும். ஊழியர் சங்கங்கள் சம்பளத்துக்கும் பஞ்சப்படிக்கும் மனுக் கொடுக்கும்போது, ஒரே குளியலறை உள்ள வீடுகளில் கழிப்பறையைத் தனியாகவும், நடையிலிருந்து போகும்படியும் கட்ட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

அதுவரை வாடகைக்கு வீடு தேடும் அன்பர்கள் முன்பணம் கொடுக்குமுன் மூன்றே விஷயங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்: படுக்கையறைக்குள் நுழையாமல் குளியலறைக்குப் போக முடிகிறதா? அதன் ஜன்னல் வெளிக்காற்றுக்குத் திறக்கிறதா? வயதானவர் உள்ளே விழுந்துவிட்டால் கதவை வெளியிலிருந்து திறக்க வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், வாடகை நூறு ரூபாய் கூடினாலும் அந்த வீட்டையே பிடிக்கலாம்.