தேதி தப்பா இருந்தா கோடு கத்தணும்

1/ ஓபி முடிஞ்ச நேரத்துல கோடிங் பழகுற எம்பிபிஎஸ் டாக்டர் நான். கர்ப்பிணிகளோட வாரக்கணக்கு போட ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். அதுல நான் செஞ்ச தப்பைப் பத்தி ஒரு த்ரெட்.

2/ கணக்கு எளிது. எல்எம்பி, அதாவது கடைசி மாதவிடாய் தொடங்கின தேதியோட 280 நாள் கூட்டினா உத்தேச பிரசவ தேதி. வருஷம், மாசம், நாள்னு மூணு கட்டத்துல வாங்கி [2025, 3, 5]-னு லிஸ்ட்டா வச்சு, அப்படியே டேட் ஆப்ஜெக்ட்டா மாத்தினேன். மார்ச் 5 தானே?

3/ ஜாவாஸ்கிரிப்ட் ஏப்ரல் 5-னு எடுத்துக்கிச்சு. அங்க மாசத்தை 0-ல இருந்து எண்ணணும். ஜனவரி 0, மார்ச் 2. நாளை மட்டும் 1-ல இருந்து. எர்ரர் எதுவும் வரல.

4/ 31 நாள் வித்தியாசம். 41 வாரம் முடிஞ்ச அம்மாவை ஸ்கிரீன் 36 வாரம் 4 நாள்னு காட்டும். அட்மிட் பண்ணி வலி வரவைக்கலாமான்னு யோசிக்க வேண்டியவங்களை "இன்னும் நாள் இருக்கும்மா, அடுத்த வாரம் வாங்க"னு வீட்டுக்கு அனுப்பிடுவோம். டெஸ்ட் பண்றப்பவே கண்ணுல பட்டதால தப்பிச்சேன்.

5/ அதே மாதிரி 2025 பிப்ரவரி 30-னு கொடுத்துப் பாருங்க. ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாம மார்ச் 2 ஆக்கிடும். பைத்தான் "இப்படி ஒரு நாளே இல்ல"னு எர்ரர் போட்டு நின்னுடும். என் ஓட்டு பைத்தானுக்கு.

6/ ஆனா நாளும் மாசமும் இடம் மாறி [2025, 5, 3]-னு போனா பைத்தானும் வாயைத் திறக்காது. மே 3-ம் சரியான தேதி தானே! லிஸ்ட்டுக்கு வரிசை தான் தெரியும், எது மாசம், எது நாள்னு தெரியாது. அதனால ஒவ்வொரு எண்ணையும் பேர் சொல்லிக் கொடுங்க. பதிவு பண்றதுக்கு முன்னாடி "5 மார்ச் 2025"னு எழுத்துல காட்டி, சரியான்னு கேளுங்க.

7/ "பொங்கல் சமயத்துல தலைக்குக் குளிச்சேன் டாக்டர்"னு சொல்றவங்க நிறைய பேர். நாள் தெரியலன்னா கோடு தானா 1-னு நிரப்பக் கூடாது. காலியா விட்டா, ஆரம்பகால ஸ்கேனை வச்சு நாங்க முடிவு பண்ணிக்குவோம். பொய்யான 1-ஐப் பார்த்தா உண்மைன்னு நம்பிடுவோம்.

8/ மருந்துச் சீட்டுல டோஸ் புரியலன்னா நல்ல சிஸ்டர் ஊகிச்சு ஊசி போட மாட்டாங்க. திரும்பி வந்து "டாக்டர், இது எவ்வளவு?"னு கேட்பாங்க. நான் எழுதுற கோடும் அந்த சிஸ்டர் மாதிரி இருக்கணும்.