பாதிக் கடிதமும் ஒரு புட்டி கியான்டியும்

"சார், இது முன்னூறு வருஷமா மாறாத ருசி" என்று யாராவது கியான்டி புட்டியைத் தூக்கிக் காட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வைன் மீது எனக்கு வருத்தமே இல்லை, 'மாறாத' என்ற அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

இத்தாலியின் டஸ்கனியில், ஃப்ளாரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவிலிருக்கும் குன்றுகளில் விளையும் சிவப்பு வைன் அது. 1716-இல் மூன்றாம் கோசிமோ தே மெடிசி ஆணை போட்டுக் கியான்டியின் எல்லையை வகுத்தார். முன்னூறு வருஷக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அவர் அளந்து கொடுத்தது நிலத்தை. ருசிக்குக் கணக்குச் சொன்னவர் பெத்தினோ ரிகாசோலி, ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். ப்ரோலியோ கோட்டைத் தோட்டத்தில் பல்லாண்டுகள் சோதித்துப் பார்த்தபின் 1872-இல் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வாசனைக்கும் வீரியத்துக்கும் சாஞ்சோவேசே, அதன் கடுமையைத் தணிக்கக் கனயோலோ. மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை அன்றாடம் குடிக்கும் இளம் வைனுக்குச் சரி, வருஷக்கணக்கில் வைத்திருக்கும் வைனுக்கு அது வேண்டாம். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இப்போ 1967-க்கு வாங்க. கியான்டிக்கு அரசு சட்டம் கொண்டுவந்தது. 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை கட்டாயம். மால்வாசியா போதாதென்று, ரிகாசோலி கணக்கிலேயே இல்லாத ட்ரெபியானோவும் உள்ளே வந்தது. கொத்துக்கொத்தாகக் காய்க்கும், ருசியோ சப்பென்றிருக்கும். பெரியவர் பேரைச் சொல்லிக்கொண்டு அவர் கடிதத்தில் பாதியைக் கிழித்துப் போட்டால் அது பாரம்பரியமா?

1977-இல் ராத்தா ஊரில் செர்ஜோ மனெத்தி சாஞ்சோவேசேயை மட்டும் வைத்து 'லே பெர்கோலே தோர்த்தே' செய்தார். அந்த மண்ணின் சொந்தத் திராட்சை, கலப்பே கிடையாது. கலப்பில்லை என்பதாலேயே விதிப்படி அது கியான்டி கிளாசிகோ ஆக முடியவில்லை. 'மேசை வைன்' என்ற அடிமட்டப் பெயரில்தான் விற்க வேண்டியிருந்தது.

கடைசியில் யார் இறங்கி வந்தார்கள்? 1990-களில் கியான்டி கிளாசிகோவில் நூறு சதவீத சாஞ்சோவேசேக்கு அனுமதி கிடைத்தது. 2006-இல் அங்கே வெள்ளைத் திராட்சையே தடை செய்யப்பட்டது.

"அப்ப சட்டமே வேணாங்கிறீங்களா?" என்று கேட்பார்கள். கண்டிப்பா வேணும். எல்லை இல்லாவிட்டால் எவனும் எதையும் கியான்டி என்று விற்றுவிடுவான். எங்கே விளைந்தது என்பதற்குச் சட்டம் பொறுப்பேற்கட்டும். எப்படி ருசிக்க வேண்டும் என்பதை ஒரு வருஷத்தில் உறைய வைக்க அதற்கு என்ன உரிமை?

நல்ல சாஞ்சோவேசே நாக்கில் செர்ரிப்பழப் புளிப்பாகத் தொடங்கி, துவர்ப்பாக ஈறைப் பிடித்து நிற்கும். வெள்ளைத் திராட்சை சேரச் சேர அந்தக் குணம் நீர்த்துப் போகும். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் விதியை மீறியவர்கள். அன்றைய பாரம்பரியக் காவலர்கள் அவர்களுக்குப் பெயரைக்கூடத் தரவில்லை.

அடுத்த முறை யாராவது 'மாறாத ருசி' என்றால், எந்த வருஷத்திலிருந்து என்று மட்டும் கேளுங்கள்.