இழையில் தொங்கிய படிகம்

துணிப்பெட்டியில் பூச்சி அண்டாதிருக்கப் பாச்சை உருண்டை இடுவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். அவ்வுருண்டையை ஒரு காந்தத்தின் அருகே கொண்டு சென்றால் என்ன நேரும்? ஒன்றும் நேராது என்றே நாம் சொல்வோம். ஆயினும் அவ்வுருண்டை செய்யப் பயன்பட்டு வந்த நாப்தலீன் என்னும் பொருளைக் காந்தம் மிகமிக மெல்லியதாக விலக்குகிறது. கண்ணுக்குப் புலனாகாத அந்த விலக்கத்தை அளப்பதிலே தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டவர் கே. எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர்.

1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், திருவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள வத்திராயிருப்பில் அவர் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலினர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கிருஷ்ணன் பயின்றார். பின்னர்ச் சென்னையில் செய்முறை விளக்குநராக இருந்த நாளில், நண்பகல் உணவு வேளையில் மாணவர் எந்த ஐயத்தையும் கேட்கலாம் என்று வைத்திருந்தார். அண்டைக் கல்லூரி மாணவரும் அங்கே வந்து கூடினராம்.

அதன்பின் கல்கத்தா சென்று சர் சி. வி. ராமனோடு சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் வெளிப்பட்ட புதிய ஒளிச்சிதறலை உலகுக்கு அறிவித்த மடலில் இருவர் பெயரும் உள்ளன. 1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. இதுபற்றி இன்றும் மனத்தாங்கலோடு பேசுவோர் உளர். எனக்கோ அந்த வழக்கைவிடக் கிருஷ்ணன் அடுத்துச் செய்ததே பெரிதாகத் தோன்றுகிறது. 1928ஆம் ஆண்டின் இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், புகழ் பூத்திருந்த அத்துறையை விட்டுப் படிகங்களின் காந்தப் பண்பை ஆராயத் தொடங்கினார்.

அவர் கையாண்ட கருவி எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையொன்றில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். படிகம் தனக்கு உகந்த ஒரு திசையில் நிற்கும். இழையின் மேல்முனையை மெல்லத் திருகினால் இழை முறுக்கேறும். காந்தமோ படிகத்தை விடாமல் பற்றியிருக்கும். திருகத் திருகப் படிகமும் சிறிது சிறிதாகத் திரும்பி, ஏறக்குறைய 45 பாகையைக் கடந்ததும் பிடி தளர்ந்து திடீரெனச் சுழன்றுவிடும். அதுவரை மேல்முனையை எத்தனை பாகை திருகினோம் என்று குறித்துக்கொண்டால், படிகத்தின் இரு திசைகளில் காந்தப் பண்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கணக்கிடலாம். வேறுபாடு மட்டும் போதுமா? முழு அளவையும் அறிய, படிகத்தை ஒரு நீர்மத்தில் மூழ்கவைத்து, காந்தம் இழுத்தாலும் தள்ளினாலும் படிகம் அசையாத நிலை வரும்வரை அந்நீர்மத்தின் காந்தப் பண்பை மாற்றிக்கொண்டே வந்தார். தராசில் படிக்கல்லுக்குப் பதிலாக நீர்மத்தை வைத்தார் என்று சொல்லலாம்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கலாம். நாப்தலீன் மூலக்கூறு, அறுகோண ஓடுகள் இரண்டை ஒட்டவைத்தாற்போல் தட்டையானது. ஓட்டின் முகத்துக்குச் செங்குத்தான திசையில் காந்த விலக்கம் மற்றத் திசைகளில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுதி. ஆகவே படிகத்தை வெளியே அளந்தே, உள்ளே அந்த ஓடுகள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்று சொல்லிவிடலாம். எக்ஸ் கதிர் முறையில் அந்நாளில் நீண்ட கணக்குக்குப் பின்னரே கிட்டிய செய்தி இது. இம்முடிவுகளை 1933இல் லண்டன் ராயல் கழகம் தன் ஏட்டில் வெளியிட்டது. 1936இல் படிக ஆய்வில் பேர்பெற்ற காத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் அவரோடு இணைந்து கட்டுரை எழுதினார். 1940இல் அக்கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1933இல் மீண்டும் கல்கத்தா, 1942இல் அலகாபாத், 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பதவி, 1961இல் மறைவு. பதவிகளின் பட்டியலை இவ்வளவில் நிறுத்தலாம்.

ஆனால் கிராஃபைட்டைச் சொல்லாமல் விட இயலாது. நம் பிள்ளைகளின் பென்சிலில் உள்ள கரிப்பொருள் அது. தாள்களை அடுக்கினாற்போன்ற தளங்களால் ஆனது. தளங்களுக்குச் செங்குத்தாக அதன் காந்த விலக்கம் வியப்பூட்டும் அளவுக்கு மிகுதி என்று கிருஷ்ணன் கண்டார். எலெக்ட்ரான்கள் தளத்துக்குள்ளே தடையின்றி உலவுவதே அதற்குக் காரணம் என்று, துணை ஆய்வாளர் கங்குலியோடு 1941இல் எழுதினார். 2004இல் மான்செஸ்டர் அறிஞர் இருவர் ஒட்டும் நாடாவைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து ஒற்றைத் தளத்தை உரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசும் பெற்றனர். அவர்கள் உரித்தெடுத்த கிராஃபீன், கிருஷ்ணன் இழையில் தொங்கவிட்டு அளந்த அதே கரித்தாளின் ஓர் ஏடுதான்.