கைநாட்டு வாங்கும் கணினி

"திரையில் வந்ததை வாசிக்கவில்லையா?" லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளை இற்றைப்படுத்தப் போய், கையில் இருந்த மென்பொருளையும் இழந்து நிற்கும் ஒருவர் விவரமறிந்தவர்களிடமிருந்து முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். கேள்வியின் தொனியிலேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. நிரல் உன்னைக் கேட்டது. நீ ஆம் என்றாய். ஆகவே குற்றவாளி நீ. வாசிப்பைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றோர் இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டும் கேளாததுபோல் கடந்துபோவது முறையல்ல என்று எண்ணுகிறேன். வாசிக்கப்பட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட ஒன்றை வாசிக்கவில்லை என்று ஒருவர் மீது பழி சுமத்த எவருக்கும் உரிமையில்லை.

2021 நவம்பரில் உலகமே பார்த்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன் (லினக்ஸைத் தோற்றுவித்த லைனஸ் டோர்வால்ட்ஸ் அல்லர், பெயர் ஒற்றுமை மட்டுமே) கணினி வன்பொருள்களை யூடியூபில் விளக்குவதையே தொழிலாகக் கொண்டவர். விண்டோஸைத் துறந்து லினக்ஸில் விளையாட்டுகளை ஆடிப் பார்ப்பது என்று சவால் மேற்கொண்டு, சிஸ்டம்76 நிறுவனத்தின் பாப் ஓஎஸ்ஸை நிறுவினார். அடுத்து வேண்டியது விளையாட்டுகளுக்கான ஸ்டீம். வரைகலை மென்பொருள் கடையில் அதை நிறுவ முயன்றபோது பிழை வந்து நின்றது. ஆகவே முனையத்தைத் திறந்து, எல்லாக் கையேடுகளும் சொல்லித் தருகிற ஆப்ட்-கெட் கட்டளையைக் கொடுத்தார். ஆப்ட் நீண்டதொரு பட்டியலை ஓடவிட்டது. இன்றியமையாத பொதிகள் நீக்கப்படவிருக்கின்றன என்றது. செய்வது இன்னதென்று திட்டமாகத் தெரிந்தாலொழிய இதைச் செய்யலாகாது என்றது. தொடர விரும்பினால் 'ஆம், நான் சொல்வதைச் செய்!' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யப் பணித்தது. அவர் செய்தார். ஸ்டீம் கேட்டவருடைய மேசைச்சூழல் அடியோடு பெயர்த்தெடுக்கப்பட்டது. கணினியை மீண்டும் இயக்கியபோது கறுப்புத் திரையும் எழுத்துகளும்தான் எஞ்சின.

இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். இவ்வளவு தெளிவான எச்சரிக்கையைத் தாண்டி ஒருவன் போனால் யார் என்ன செய்ய முடியும் என்பது அவர்கள் வாதம். அந்தத் தொடரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், நண்பர்களே. 'நான் சொல்வதைச் செய்.' சொன்னது யார்? அந்த மனிதர் சொன்னது ஸ்டீமை நிறுவு என்பது ஒன்றைத்தான். மேசைச்சூழலை நீக்குவது என்பது நிரலின் யோசனை. தன் யோசனையைத் தானே எழுதி, அதை எசமானின் ஆணையாக மாற்றி, எசமானின் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறது நிரல். நம் ஊர்களில் புரோநோட்டில் கைநாட்டு வாங்கியவர்கள் செய்ததும் இதுவே. எழுதுவது ஒருவர், பெருவிரலை அழுத்துவது மற்றவர். பின்னொரு நாளில் "நீதானே வைத்தாய்" என்ற ஒற்றை வரியோடு வழக்கு முடிந்துவிடும்.

இங்கு ஏமாற்றும் நோக்கம் எவருக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோக்கம் தூயது என்பதால் சம்மதம் செல்லுபடியாகிவிடாது.

ஸ்டீமை நிறுவுவதற்கும் மேசைச்சூழலை நீக்குவதற்கும் என்ன உறவு? ஸ்டீம் 32 பிட் நிரற்கூறுகளை நம்பியிருப்பது. 64 பிட் கணினியில் அவற்றையும் நிறுவும்போது, ஒரே கூறின் 32 பிட் வடிவமும் 64 பிட் வடிவமும் அச்சு அசலாக ஒரே பதிப்பெண்ணில் இருந்தாக வேண்டும் என்பது டெபியன் குடும்பத்தின் விதி. அன்று பாப் ஓஎஸ்ஸின் களஞ்சியத்தில் இவ்விரு வடிவங்களுக்கிடையே பதிப்புப் பிசகு நேர்ந்திருந்தது. தவறு களஞ்சியத்துடையது, பின்னர் அது சரிசெய்யவும் பட்டது. ஆனால் ஆப்ட் என்ன செய்தது? கணக்கு ஒத்துவரவில்லை, பிறகு முயல்க என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, புதிய பதிப்பைச் சார்ந்திருக்கும் அனைத்தையும் வீட்டைவிட்டு வெளியேற்றினால் கணக்கு ஒத்துவரும் என்று கண்டுபிடித்தது. தர்க்கத்தில் பிழையே இல்லை. கட்டிலுக்குக் கால் நீளமென்றால் காலை வெட்டுவதும் ஒரு தீர்வுதானே.

சார்புகளைத் தீர்ப்பது எளிய வேலை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பொதியை நிறுவ இயலுமா என்று கண்டறிவதே என்பி-முழுமை வகையைச் சேர்ந்த கடுஞ்சிக்கல் என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த இடோஸ் திட்டத்தின் ஆய்வாளர்கள் 2006-இலேயே நிறுவிவிட்டார்கள். அதைத் தொடர்ந்த மான்கூசி திட்டம் இன்னொரு கேள்வியை எழுப்பியது. தீர்வுகள் பல இருக்கும்போது எது நல்ல தீர்வு? அவர்கள் வகுத்த அளவுகோல்களில் ஒன்றின் பெயரே 'பாரனாய்டு', அதாவது அச்சம் மிகுந்தது. முதலில் நீக்கப்படும் பொதிகளின் எண்ணிக்கையைக் குறை, அடுத்து மாற்றப்படும் பொதிகளின் எண்ணிக்கையைக் குறை என்பது அதன் இலக்கணம். என்னைக் கேட்டால் இதற்கு 'சாதாரண மனிதன்' என்றே பெயரிட்டிருக்கலாம். உள்ளது போகக் கூடாது என்று விரும்புவதில் மனப்பிறழ்வு எங்கே இருக்கிறது?

சிரித்தவர்களுக்கு விடை சொன்னது ஆப்ட் தான். அதே 2021 நவம்பரில் வந்த ஆப்ட் 2.3.12 பதிப்பில், இன்றியமையாத பொதிகளை நீக்கும் தீர்வு வந்தால் தொடர் எழுதி வாங்கும் சடங்கு கைவிடப்பட்டது. பிழை என்று சொல்லி நின்றுவிடும். அப்படியும் நீக்கியே தீர வேண்டும் என்போர் கட்டளையோடு 'அலவ்-ரிமூவ்-எசென்ஷியல்' என்ற தெரிவைத் தாமாகச் சேர்த்துத் தர வேண்டும். இப்போது உண்மையாகவே ஆணையிடுபவர் மனிதர். 'லினக்ஸ் சுதந்திரம் தருவது, தூக்குக் கயிற்றையும் சேர்த்துத் தருவது' என்று பெருமிதத்தோடு சொல்வார்கள். அந்தச் சுதந்திரத்தில் ஒரு முடி குறைந்ததா? இல்லை. கயிற்றைக் கழுத்தில் மாட்டிவிட்டு, இழுக்கட்டுமா என்று கேட்கும் வழக்கம் மட்டுமே நின்றது.

ஆனால் வழக்கு இதோடு முடியவில்லை. ஆப்டின் அகராதியில் 'இன்றியமையாதது' என்பதற்கு மிகக் குறுகிய பொருள். பாஷ், கிரெப், டிபிகேஜி போன்று, இல்லாவிட்டால் அமைப்பே நிற்காது என்னும் சில பொதிகள் மட்டுமே அதில் அடங்கும். பாதியில் நிற்கும் நாவலைத் தட்டச்சு செய்ய நீங்கள் பயன்படுத்தும் சொற்செயலி அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் உள்ளீட்டு முறை இல்லை. அச்சுப்பொறியின் இயக்கி இல்லை. இவை நீக்கப்படும்போது பழைய பாணிதான்.

அந்தப் பாணியை ஒரு பனுவலாகவே வாசித்துப் பார்க்கலாம். நெடுங்காலம் ஆப்ட் எழுதிவந்த அறிவிப்பில், இனித் தேவையற்றவை என்றொரு பத்தி, கூடுதலாக வருபவை என்றொரு பத்தி, பரிந்துரைப்பவை என்றொரு பத்தி, இவற்றுக்கு நடுவே நீக்கப்படுபவை என்றொரு பத்தி. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் அகரவரிசையில் இடைவெளி மட்டும் விட்டு ஒட்டிக்கிடக்கும் பெயர்கள். முப்பது புதிய வரவுகளுக்கிடையே மூன்று மரண அறிவித்தல்கள். இறுதியில் 'தொடரலாமா?' என்ற கேள்வி. அடைப்புக்குள் பெரிய எழுத்தில் ஆம், சிறிய எழுத்தில் இல்லை. அதாவது வெறுமனே என்டர் விசையைத் தட்டினாலே சம்மதம். மௌனம் சம்மதம் என்பதை இவ்வளவு நேரடியாகச் செயற்படுத்திய வேறொரு அமைப்பை நான் அறியேன். நீக்கப்படுபவற்றைத் தனியே பிரித்து, கடைசியில், சிவப்பில் காட்டும் புத்தி 2024-இல் வந்த 2.9 பதிப்பில்தான் பிறந்தது. வரவேற்கிறேன். அதற்கு முன்னால் வாசிக்காமல் விட்டவர்களைத் திட்டியவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்க ஆசை.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓப்பன்சூசேயின் சிப்பர், சார்புகள் முரண்பட்டால் முரண்பாடு இன்னதென்று சொல்லி, தீர்வுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தி, எது வேண்டும் என்று கேட்கும். புதியதை நிறுவாமல் விடுவதும் அந்த வரிசையில் ஒன்றாக இருக்கும். ஃபெடோராவின் டிஎன்எஃப், காக்கப்பட வேண்டிய பொதிகளின் பட்டியலை நாமே வகுத்துக்கொள்ள இடம் தருகிறது. நடந்து முடிந்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளையும் அதில் உண்டு.

நீக்குவதே தவிர்க்க முடியாத தருணங்களும் உண்டு, மறுக்கவில்லை. 2038 ஜனவரி 19 அன்று 32 பிட் நேரக்கணக்கு நிரம்பி வழியும் என்பதால், 2024-இல் டெபியன் நூற்றுக்கணக்கான நிரலகப் பொதிகளின் பெயர்களைப் பின்னொட்டுச் சேர்த்து மாற்றியது. பெயர் மாறிய பொதியும் பழைய பொதியும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியாது. மறுகட்டமைப்பு முடியாத மென்பொருள்கள் இடையில் மாட்டிக்கொண்டன. டெபியனின் நிலையற்ற கிளையில் 'ஃபுல்-அப்கிரேட்' கொடுத்தவர்களின் திரையில் நீக்கப் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. அங்கு செய்ய வேண்டியிருந்தது சில வாரங்கள் பொறுத்திருப்பது ஒன்றே. பொறு என்ற சொல் நிரலின் வாயில் வரவில்லை என்பதே என் குறை.

இவ்வளவும் மாறும்வரை இழப்பவர் நாம் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆப்டில் 'அப்கிரேட்' எதையும் நீக்காது, 'ஃபுல்-அப்கிரேட்' நீக்கும். கையேடுகள் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவைப்பது பெரும்பிழை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் 'ஒய்' தெரிவு, வெற்றுத்தாளில் கையெழுத்து. 'சிமுலேட்' தெரிவோடு ஓட்டினால் நடக்கவிருப்பதைச் சொல்லும், எதையும் தொடாது. பட்டியலில் எதிர்பாராத நீக்கம் தெரிந்தால், வெளிக் களஞ்சியம் ஏதேனும் சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பார்க்கவும். பதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 'ஆப்ட் பாலிசி' சொல்லும். இன்னொரு கண்ணி: பிற பொதிகளின் பெயர்களை மட்டும் சுமக்கும் தொகைப்பொதிகள். அதன் கட்டாயச் சார்பு ஒன்றை நீக்கினால் தொகைப்பொதியும் போகும்; அதற்காகவே வந்திருந்தவை 'இனித் தேவையற்றவை' என்ற பட்டியலில் ஏறக்கூடும்; சில வாரங்கள் கழித்து 'ஆட்டோரிமூவ்' வந்து வாரிக்கொண்டு போகும். உங்களுக்கு வேண்டியதை 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று குறித்துவைத்தால் ஆட்டோரிமூவ் அதைத் தொடாது.

போனபின் என்றால், வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அங்கே ஹிஸ்டரி என்ற கோப்பு. எந்தத் தேதியில், எந்தக் கட்டளையால், எவையெல்லாம் வந்தன, எவையெல்லாம் நீக்கப்பட்டன என்று ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கும். 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியிலுள்ள பெயர்களை எடுத்து மீண்டும் நிறுவினால் பெரும்பாலானவை திரும்பிவிடும். நீக்கத்தில் அமைவுக் கோப்புகள் அப்படியே விடப்படுவதால், துப்புரவாக அழிக்கும் 'பர்ஜ்' செய்யப்படாதவரை பழைய அமைப்புகளும் கிடைக்கும். என்ன செய்தோம் என்பதை இவ்வளவு சுத்தமாக எழுதிவைக்கத் தெரிந்த நிரலுக்கு, செய்வதற்கு முன் அதே சுத்தத்தோடு சொல்லவும், நீக்கம் ஒன்றேனும் இருந்தால் பெரிய எழுத்தை 'இல்லை' என்ற விடைக்குக் கொடுக்கவும் தெரியாதா என்ன?