கறிக்குச் சிவப்பு என்று யார் வைத்த விதி?

கறிக்குச் சிவப்பு ஒயின், மீனுக்கு வெள்ளை ஒயின். இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் நம் பக்கத்திலும் பெருகிவிட்டார்கள். சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் ராசிபுரம், புதுச்சத்திரம் என்று எந்த ஊரிலும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். லீவுக்கு வரும்போது விமான நிலையக் கடையில் வாங்கிய காபர்னே சாவிஞோன் என்ற சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் பெட்டியில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கனோடு அதைத் திறக்கிறார்கள். காரமான கறிக்குக் கெட்டியான ஒயின்தான் ஈடுகொடுக்கும் என்று விளக்கம் வேறு. முதல் மடக்கிலேயே முகம் சுளிக்கிறது. வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. நாகரிகம் தெரியாதவன் என்று பேர் வாங்க யாருக்குப் பிடிக்கும்?

சுளித்த முகம்தான் சரி, விதிதான் தப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், கொட்டைப்பாக்கு மென்றதுபோல வாய் வறண்டு துவர்க்கிறது. பிரான்ஸின் ஒயின் ஊரான போர்தோவில் ஆட்டுக்கறியை உப்பும் மிளகும் தூவிச் சுட்டுத் தின்கிறார்கள். அந்தக் கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை அடக்கிவிடும், ஒயினின் பழவாசம் மேலே வரும். விதி பிறந்தது அந்த மேசையில். அங்கே மிளகாய்க்கு இடமில்லை.

பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாயைத் தவிர வேறு என்ன பெரிதாக இருக்கிறது? மசாலாத்தூள் கிடையாது. கிள்ளிப்போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு, அவ்வளவுதான். மிளகாயின் காரம் நாக்கில் தூண்டுவது ருசியை அல்ல, சூட்டை உணரும் நரம்பை. அந்த நரம்பு சுமார் 42 டிகிரியில்தான் ‘சுடுகிறது’ என்று சொல்லத் தொடங்கும். சாராயச்சத்து பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2002-இல் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. உடம்பின் சூடே 37 டிகிரி. அப்படியானால் 14 சதவீத ஆல்கஹால் உள்ள கெட்டி ஒயின் காரத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்? எரிச்சலைத்தான் கூட்டும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலில் கரையுமே என்று கேட்பார்கள். கரையும், ஆனால் இந்தப் பாட்டிலில் பெரும்பங்கு தண்ணீர். காரத்தைத் தணிக்கும் வேலையைப் பாலின் கேசீன் புரதம் செய்கிறது, ஆகவே மோர் தாராளமாகச் செய்யும்.

இன்னொரு பிடிவாதம், சிவப்பு ஒயினை ‘ரூம் டெம்பரேச்சரில்’தான் குடிக்க வேண்டுமாம். யார் வீட்டு ரூம்? அது ஐரோப்பாவின் பழைய கல்வீடு, 16, 18 டிகிரி. சித்திரையில் நாமக்கல் வீட்டு அலமாரியில் 35 டிகிரிக்குமேல் கிடந்த ஒயினை ஊற்றினால் பழவாசத்துக்கு முன்னால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் அரைமணி, முக்கால் மணி நேரம் வைத்தால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. குளிர்ந்த மது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. காவிரியைத் தாண்டினால் கரூர், ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைத்த ஊர். யவனர் மதுவைப் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர் அதைக் குளிர்ந்த மணமுள்ளதாகத்தான் சொல்கிறார். போர்த்துக்கீசியர் மிளகாயைக் கொண்டுவராத காலம் அது. அன்றைய கறியில் காரம் என்றால் மிளகுதான்.

அந்த மிளகை வைத்துத்தான் கெட்டி ஒயினுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. ஷிராஸ் ஒயினின் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். மிளகிலும் அதே பொருள்தான் மணக்கிறது என்று 2008-இல் ஆஸ்திரேலியர்கள் கண்டார்கள். ஆகவே கொல்லிமலை மிளகை இடித்துப் போட்டு, மிளகாயைக் குறைத்து, கொழுப்போடு வறுத்த ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு நாசிக் ஷிராஸ் ஒன்றைக் குளிரவைத்துக் கொடுத்தால் நான் மறுக்கமாட்டேன். புளி ஊற்றிய குழம்பு, மிளகாய் தூக்கலான வறுவல் இரண்டுக்கும் அது ஆகாது. கறி ஆடா கோழியா என்பதைவிட அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திறக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு ‘இதயத்துக்கு நல்லது’ என்று ஆரம்பிப்பவர்களுக்கு: குடியில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமில்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. குடிப்பவர் ருசிக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லட்டும். மருந்து என்று சொல்ல வேண்டாம்.